பல்லு வளைவுக்கு ஏற்ற சக்கரம்

மேசையின் மேல் இரண்டு ஜோடிச் சக்கரங்கள் கிடந்தன. ஒரு ஜோடி கன்னங்கரேலென்று இருந்தது. உற்றுப் பார்த்தால் பாய் பின்னினது மாதிரி உள்ளே நெசவு தெரியும். கார்பன். இன்னொரு ஜோடி சாம்பல் நிற அலுமினியம். உருக்கி அச்சில் ஊற்றாமல், பெரும் அழுத்தம் கொடுத்து நசுக்கி உருவாக்கியது; அதனால் உறுதி அதிகம். இரண்டுமே பைக்கோடு கம்பெனி கொடுக்கிற சக்கரத்தைவிட லேசு. கார்பன் அதிலும் லேசு. ஒற்றைக் கையில் தூக்கினால், பாதியை எங்கோ விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

சக்கரத்தின் எடை குறையக் குறையப் பந்தய பைக் சொன்ன பேச்சைச் சட்டென்று கேட்கும். நினைத்த மாத்திரத்தில் சாயும், திரும்பும், நிமிரும். ரிம் அக்காவுக்கு இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெளிந்த ரிம்மை நிமிர்த்துவதுதான் அவளுக்குத் தொழில். அந்தப் பக்கத்தில் பைக் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அவள் கடைக்கு வழி சொல்வார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட "ரிம் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். அப்பேர்ப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை மாலை, கருப்பு ஜோடியைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா யோசன? கண்ண மூடிக்கிட்டுக் கருப்ப மாட்டு" என்றான் தம்பி.

தம்பிக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலை. வாரம் முழுக்க அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு, விடுமுறை வந்தால் பந்தயத் தளத்துக்கு ஓடிவிடுவான். மறுநாள் மத்தியானம் அங்கே ஒரு டீம் ஆள் எடுக்கிறது. காலியாக இருப்பது ஒரே ஒரு இடம். வருகிறவர்கள் அவரவர் பைக்கில் ஓட்டிக் காட்ட வேண்டும். அவனுக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்த தடவை கூப்பிடுகிற பட்டியலில் அவன் பெயர் இருக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கியவர் பஞ்சு. அது அவர் பெயர் இல்லை. எந்தச் சாமானை விற்றாலும் "பஞ்சு மாதிரி இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைச் சம்பாதித்துக்கொண்டார். ஆள் மட்டும் சிமென்ட் மூட்டை கணக்காக இருப்பார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பார்வை மட்டும் கருப்பு ஜோடியின் மேலேயே இருந்தது.

அக்கா சாக்குச் சொல்ல ஆரம்பித்தாள். புதுச் சக்கரம், பழகுவதற்கு நாள் வேண்டாமா என்றாள். நாளைக் காலையில் பயிற்சி ஓட்டம் இருக்கிறதே, அதில் பழகிக்கொள்கிறேன் என்றான் தம்பி. அலுமினியம் அடிபட்டால் நெளிந்து காட்டும், கார்பன் காட்டாது, தாங்குகிறவரை தாங்கிவிட்டு ஒரேயடியாகக் கையை விரித்துவிடும் என்றாள்.

"நெளியாதுன்னா நல்லதுதானே. உனக்குத்தான் வேல போயிடும். அந்தக் கவல உனக்கு."

பஞ்சு வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எது மேலயாவது இடிச்சா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள்.

"எங்க இடிக்கறேன்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ ரிம்மு நெளிஞ்சுது. அதுக்கப்புறம் உண்டா? நீதானே ஒவ்வொரு பந்தயத்துக்கும் அப்புறம் கழட்டிப் பாக்கற. நீயே சொல்லு."

அக்கா ஒரு சக்கரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் ஒரு நொடி நின்றது. பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, மறுபடி ஓட ஆரம்பித்தது.

மெஷினில் இருந்தது அவள் வீட்டுக்காரர். பந்தயக்காரர்கள் போட்டுக்கொள்ளும் தோல் உடுப்புகளைத் தைப்பதும் கிழிந்தால் ஒட்டுப் போடுவதும் அவர் வேலை. தம்பி அறியாத ஒரு விஷயத்தை அந்த ஊரில் அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அக்கா, மற்றவர் அவர்.

அந்த விஷயம் இதுதான். தம்பியின் ரிம் ஆறு வருஷமாக நெளிந்துகொண்டேதான் இருந்தது.

அக்காவுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் ஒரு காலத்தில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அலுமினியப் பாத்திரம் செய்யும் ஆலையில் இருந்தாள். அச்சிலிருந்து வாய் கோணிக்கொண்டு வந்து விழும் பாத்திரங்களை நிமிர்த்துவது அவள் பிரிவின் வேலை. எங்கே தட்டினால் எங்கே எழும், எவ்வளவு சூடு காட்டினால் இளகும், எதற்குமேல் போனால் விரிசல் விடும் என்பதெல்லாம் அங்கே கைக்கு வந்தது. ஆலையை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடினார்கள். அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த மாதத்தில்தான் தம்பி தன் முதல் பந்தய பைக்கின் நெளிந்த ரிம்மைத் தலையில் கைவைக்காத குறையாகக் கொண்டுவந்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாத்திரத்துக்கு வாய் கோணினா இப்படித்தான் இருக்கும்" என்றாள். சாயங்காலத்துக்குள் நிமிர்த்திவிட்டாள். கடை அப்படிப் பிறந்ததுதான்.

அன்றைக்கு அவள் ஒரு தப்புச் செய்தாள். அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள். ரிம் எவ்வளவு ஆழமாக நெளிந்திருந்தது, இன்னும் ஒரு விரல் அகலம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவனிடம் விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். காய்ச்சல் அடிக்கிறதா என்று யாராவது கேட்டாலே நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் படுத்துக்கொள்கிற ஆள் அவன். அடுத்த பந்தயத்தில் முட்டைக் கூடையை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி ஓட்டினான். அதற்கடுத்ததிலும் அப்படியே. பைக்கை விற்றுவிடுகிறேன் என்றுகூட ஒருநாள் சொன்னான்.

அதற்கப்புறம் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பந்தயத் தளத்தில் ஒரு வளைவு. அதன் உள்கரையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிமென்ட் ஓரக்கட்டை போட்டிருப்பார்கள். அதில் ஒரு சிவப்புக் கட்டை பெயர்ந்து, ஈறு வீங்கின பல்லைப்போலத் துருத்திக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவர்கள் அந்த இடத்துக்குப் பல்லு வளைவு என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பியின் முன்சக்கரம் அந்தப் பல்லில் போய் இடிக்கும். எல்லா ரவுண்டிலும் இல்லை. ஆனால் எல்லாப் பந்தயத்திலும். ஓட்டுகிற வேகத்தில் அவனுக்கு அது தளத்தின் மேடுபள்ளங்களில் ஒன்றாகத்தான் தெரியும். பந்தயம் முடிந்து அவன் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கப் போன பிறகு, அக்கா சக்கரத்தைக் கழற்றுவாள். டயரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிவப்புப் பெயின்டைத் தின்னர் தொட்ட துணியால் துடைப்பாள். நெளிந்த இடத்துக்குச் சூடு காட்டி, மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்ல அழுத்தி, சுழற்றிப் பார்த்து, மறுபடி அழுத்தி, கடைசியில் கம்பெனி நிறத்தைப் பூசிவிடுவாள். ஒருமுறை நிமிர்த்தத் தகாத அளவுக்கு ரிம் கெட்டுப்போனது. அதே மாதிரி ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து மாட்டினாள். பழைய ரிம்மில் கோணலாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து, புதியதில் அதே கோணலாக ஒட்டினாள்.

காலையில் அவன் வந்து கேட்பான். "நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்ல" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவன் தைரியமாக ஓட்டினான், கோப்பைகள் வாங்கினான். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

அந்தப் பெருமைதான் இப்போது கருப்பு நிறத்தில் மேசைமேல் கிடந்தது.

கார்பன் ஜோடியை அவளே தன் கையால் மாட்டினாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அலுமினிய ஜோடியை மட்டும் நாளை மாலைவரை விட்டுவைக்கும்படி பஞ்சுவிடம் கேட்டுக்கொண்டு, அதற்கும் டயர் ஏற்றி வேனில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று தம்பி கேட்டதற்கு, உபரிக்கு என்றாள்.

மறுநாள் காலைப் பயிற்சிக்கு அவள் பல்லு வளைவின் கம்பி வேலியோரம் போய் நின்றுகொண்டாள். வழக்கமாக அவள் இருக்குமிடம் கூடாரத்தில் ஸ்பேனர் பெட்டிக்குப் பக்கம்தான். நிமிர்த்துகிறவளுக்கு இடிக்கிற இடத்தைப் பார்க்கிற துணிச்சல் அதுவரை வந்ததில்லை.

தம்பி வந்தான். பைக் அவன் நினைப்பதற்கு முன்பே சாய்ந்தது. அவளுக்கே அது தெரிந்தது. அத்தனை வருஷம் கனமான சக்கரத்தை மல்லுக்கட்டித் திருப்பிப் பழகின கை, இந்த லேசான சக்கரத்தையும் அதே பலத்தோடு அதே இடத்தில் தள்ளியது. சக்கரம் ஒரு முழம் உள்ளே போனது.

டக்.

சின்னச் சத்தம்தான். என்ஜின் இரைச்சலுக்கு நடுவே வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. அக்காவுக்குப் பல் கூசியது. அடுத்த ரவுண்டில் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த ரவுண்டில், முன்னைவிட அழுத்தமாக, டக்.

அவன் கூடாரத்துக்குத் திரும்பியபோது சந்தோஷத்தில் கண்ணெல்லாம் பளபளத்தது. "மாமா, காத்துல மெதக்கற மாதிரி இருக்கு" என்று கூட வந்திருந்த தையல்காரரிடம் சொல்லிவிட்டு, பேர் பதிகிற இடத்துக்குப் போனான். அக்கா முன்சக்கரத்தின் முன்னால் குந்தினாள். டயரின் பக்கவாட்டில் சிவப்பு. இடுப்பில் செருகியிருந்த துணிக்குக் கை தானாகப் போனது.

துணியை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நாணயத்தை எடுத்து, கார்பன் ரிம்மைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தாள். கார்பன் அடுக்கடுக்காக ஒட்டியது; உள்ளே அடுக்குப் பிரிந்திருந்தால் ஓசை அமுங்கிக் கேட்கும். டிண், டிண், டிண் என்று வந்து ஓரிடத்தில் கொஞ்சம் மொத்தையாகக் கேட்டது. மறுபடி தட்டினாள். அது நிஜமா, பயத்தில் காது கட்டிவிட்ட கதையா என்று நிச்சயம் பண்ண முடியவில்லை. தன் சரக்கு ஓடுவதைப் பார்க்க வந்திருந்த பஞ்சு எட்டிப் பார்த்து, அங்கே காற்றடைக்கும் வால்வு இருக்கிறது, அதனால் ஓசை மாறும் என்றார். இருக்கலாம். வால்வு அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

"சொல்லிடு" என்றார் தையல்காரர். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இப்ப சொன்னா கை நடுங்கிடும் அவனுக்கு. அந்த எடம் போயிடும்."

"சொல்லலன்னா?"

தேர்வு ஓட்டத்துக்கு இன்னும் சாப்பாட்டு நேரம் மட்டும்தான் பாக்கி.

தம்பி திரும்பி வந்ததும், "இங்க வந்து உக்காரு" என்றாள். அவன் பைக்குக்குப் பக்கத்தில் குந்தினான். அவள் சக்கரத்தை மெல்ல உருட்டி, சிவப்புக் கறையை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"என்ன இது?"

"பல்லு வளைவுல நிக்குதே, அந்தக் கட்டையோட பெயின்ட்."

"சரி, ஒரு தடவ பட்டிருக்கும். புது சக்கரம்."

"ஒரு தடவ இல்லடா. நீ ஓட்டின எல்லாப் பந்தயத்துலயும் பட்டிருக்கு. நான் தொடச்சிடுவேன்."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சூடு காட்டினது, ஜாக்கி வைத்தது, பெயின்ட் அடித்தது, ரிம்மையே மாற்றினது, ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டினது. சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஸ்டிக்கர் விஷயம் வந்தபோது அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மாமா, உங்களுக்கும் தெரியுமா?"

தையல்காரர் மடியிலிருந்த தோல் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் தைக்க எதுவும் இல்லை.

"அப்ப நான் நல்லா ஓட்டறேன்னு நீ சொன்னதெல்லாம்?" என்று அக்காவிடம் கேட்டான் தம்பி. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் அவளைக் குத்தியது.

"நல்லாத்தான் ஓட்டற. அந்த ஒரு எடத்துல மட்டும்..."

முடிப்பதற்குள் அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். தூரத்தில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். பஞ்சு தொண்டையைச் செருமினார். என்ன ஆனாலும் தன் சரக்கில் குறை இல்லை என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை. தளத்தில் முதல் ஆளைக் கூப்பிட்டு விசில் அடித்தார்கள். அடுத்து இன்னொருவன் போனான். அவன் திரும்பி வரும்போது கூடாரங்களில் கைதட்டினார்கள்; நல்ல நேரம் போட்டிருப்பான். அக்கா எழுந்திருக்கவில்லை. போய்ச் சமாதானம் சொல்லலாம் என்றால், சொல்வதற்கு அவளிடம் இருந்தது அந்தப் பழைய வாக்கியம் ஒன்றுதான்.

தம்பி எழுந்து வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், "அலுமினியத்த மாட்டு" என்றான்.

பிரேக் டிஸ்க்குகளைக் கழற்றிப் புதுச் சக்கரத்தில் பொருத்தினாள். எப்போதும் அவள் கையை நீட்டுவதற்கு முன்பே ஸ்பேனரை வைப்பவன், இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்சக்கரம் ஏறும்போதுதான் கேட்டான்.

"எப்பவும் சிவப்புதானா? வெள்ள ஒட்டினதே இல்லையா?"

"இல்ல. சிவப்பு மட்டும்தான்."

"ரிம்முல எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். எப்பவும் அதே பக்கம்."

அவன் தரையில் ஷூ நுனியால் ஒரு வளைவு போட்டான். அதை அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து இன்னொன்று போட்டான். "நான்தான் ரொம்ப சீக்கிரமாத் திருப்பிட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதற்குள் அவனைக் கூப்பிட்டு விசில் வந்துவிட்டது. ஹெல்மெட்டை மாட்டினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையுறைக்குள் விரலை நுழைக்கவே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவள் பயந்தபடியேதான் நடந்துகொண்டிருந்தது.

அவள் வேலிக்கு ஓடினாள்.

ஒவ்வொருவராகத்தான் விட்டார்கள், தளத்தில் அவன் பைக் மட்டும்தான். முதல் ரவுண்டில் பல்லு வளைவுக்கு வந்தவன், ஓரக்கட்டைக்கு ஒரு வண்டி போகிற இடைவெளி விட்டு, வெளிப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனான். சத்தம் எதுவும் இல்லை. வேகமும் இல்லை. முட்டைக் கூடை திரும்பி வந்துவிட்டது. நேரம் பார்க்கிற மேடையில் டீம் மேனேஜர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி உதட்டைப் பிதுக்குவது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. ஆறு வருஷம் கட்டினதை அரைமணி நேரத்தில் இடித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது ரவுண்டில் வேகமாக வந்தான். கோபமாக வந்தான் என்று சொல்ல வேண்டும். பழைய இடத்தில் பழையபடியே திருப்பினான்.

டக்.

பைக் ஒரு குலுக்குக் குலுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அவன் அடுத்த நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தான். அலுமினியம் தாங்கியிருந்தது. அது தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது ரவுண்டில் அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். பைக் நெருங்கியது, பிரேக் பிடித்தது, கியர் இறங்கியது. சத்தம் வரவேண்டிய நொடி வந்து, போய்விட்டது. சத்தம் வரவில்லை. மறுபடி பயந்து ஒதுங்கிவிட்டானா? சரியாகத் திருப்பினானா? இரண்டுக்கும் ஓசை ஒன்றுதானே, ஓசை இல்லாத ஓசை. அப்போதுதான் என்ஜின் முறுகி எழுந்தது. வழக்கமாக அவன் ஆக்சிலேட்டரை முறுக்குவதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே. பயந்தவன் அங்கே முறுக்க மாட்டான். அக்கா கண்ணைத் திறந்தாள். கட்டையை ஒட்டி, ஆனால் தொடாமல், அவன் நிமிர்ந்துகொண்டு போவதன் கடைசித் துளி மட்டும் பார்க்கக் கிடைத்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு ரவுண்டிலும் அந்த முறுகல் முன்னாலேயே கேட்டது. தாமதமாகத் திருப்பினான், லேசான சக்கரம் அந்தத் தாமதத்தை ஈடுகட்டிக் கொடுத்தது. கடைசி ரவுண்டில் மட்டும், அவன் முழு மூச்சாக உள்ளே வந்தபோது, ஏதோ ஒன்று உரசினது மாதிரி அவளுக்குக் கேட்டது. டக் என்று சொல்ல முடியாது. நகத்தால் சுரண்டினால் வருமே, அந்த அளவு. கேட்கவே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவள் கூடாரத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, மேனேஜரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். தம்பியின் தோளில் தட்டி, இன்று வந்தவர்களில் அவன் நேரம்தான் குறைவு என்றார். பஞ்சு ஏதோ தானே ஓட்டினமாதிரி நெஞ்சை நிமிர்த்தினார். மேனேஜர் போகத் திரும்பினவர், பைக்கின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும். காலைல கார்பன்ல ஓட்டின. மத்தியானம் மாத்திட்ட. எங்க பைக்குல எல்லாம் கார்பன்தான். அதுல ஓட்டறதுல உனக்கு ஏதாவது பிரச்சனையா?"

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. மேனேஜருக்குப் பதில் சொல்லாமல், விஷயம் தெரிந்த பிறகு முதல்முறையாக அக்காவை நேராகப் பார்த்தான்.

"சத்தம் கேட்டுச்சாக்கா?"

"ரெண்டாவது ரவுண்டுல கேட்டுச்சு."

"அது எனக்கே தெரியும். அதுக்கப்புறம்?"

பழைய வாக்கியம் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரு கீறல் இல்லை என்று சொன்னால் போதும். அந்த இடம் அவனுடையது. மேனேஜர் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்த உரசலை அவளைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. தையல்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையசைக்கவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை.

"கடைசி ரவுண்டுல, லேசா" என்றாள் அக்கா.

பஞ்சு "அய்யோ" என்பதுபோல வாயைக் குவித்தார். தம்பி ஹெல்மெட்டை பைக்கின் சீட்டில் வைத்தான். மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"பல்லு வளைவுல கட்டைய இடிக்கற பழக்கம் எனக்கு இருக்கு சார். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அது முழுசாப் போறவரைக்கும் கார்பன் வேணாம். அலுமினியத்துலதான் ஓட்டுவேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியாது சார்."

மேனேஜர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். அக்காவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"எங்க அக்கா. ரிம்மு பாக்கறவங்க."

"திங்கக்கிழம வா" என்றார் மேனேஜர். "வரும்போது இந்த ஜோடியையும் எடுத்துக்கிட்டு வா."

அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் குதிக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. பஞ்சு மட்டும் கருப்பு ஜோடியைத் துணியில் சுற்றிக்கொண்டே, ஒரு நல்ல வியாபாரம் எப்படியெல்லாம் கெட்டுப்போகிறது என்று தனக்குள் முணுமுணுத்தார். பைக்கை வேனில் ஏற்றினார்கள். தையல்காரர் ஓட்ட, அக்கா நடுவிலும் தம்பி ஜன்னலோரமும் உட்கார்ந்தார்கள். தளத்தின் வாசலைத் தாண்டி வெகுதூரம்வரை தம்பி வெளியே பார்த்துக்கொண்டே வந்தான்.

"லேசான்னா எவ்வளவு லேசு?" என்றான் திடீரென்று.

அக்கா யோசித்தாள். முன்னால் இருந்த பலகையில் விரல் நகத்தால் ஒருமுறை சுரண்டிக் காட்டினாள்.

"இவ்வளவுதானா? இது இடியாக்கா? தடவிட்டுப் போனது."

"இடிதான்."

"மாமா, நீங்க சொல்லுங்க. இது இடியா?"

"என்ன இதுல இழுக்காத மச்சான். வீட்டுக்குப் போனதும் கழட்டிப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"நானும் கூட நின்னு பாப்பேன்" என்றான் தம்பி. அதை அவன் வேடிக்கையாகச் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு தடவையும் அவன் கூடவே நிற்பான், அவள் வாய்வார்த்தையை மட்டும் நம்பி எழுந்து போக மாட்டான் என்பது அவளுக்குப் புரிந்தது. அது கொஞ்சம் வலித்தது. மறுத்துப் பேச அவளுக்கு வழியும் இல்லை.

"நல்லாப் பாரு" என்றாள். "இடிதான்."